திரைவாசிப்பான் பேசாத முப்பது நிமிடம்

அன்றைக்கு அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேர்தாம். பன்னிரண்டு பேர் இருந்ததாகவும், ஒருவர் அழுததாகவும், யாரோ நாற்காலியை உதைத்ததாகவும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவற்றை நம்ப வேண்டாம். நூலகத்தின் தலைவர் சொக்கலிங்கம் அண்ணன், வயது எண்பத்தொன்று. குழு உறுப்பினர், வழக்கறிஞர் ஹபீப் முகமது. கணினி பழுதுபார்க்கிற இருதயராஜ். நூலகத்தைக் கூட்டித் துடைக்கிற பாக்கியம். வேலைக்கு விண்ணப்பித்திருந்த பூமிநாதன். செயலாளராகிய நான். என் பெயர் உமையாள். முப்பத்தொரு ஆண்டு கல்லூரியில் தமிழ் நடத்தியவள்.

நீங்கள் கணினித் துறையில் இருப்பதாகச் சொன்னீர்கள், தம்பி, அதனால்தான் பேசுகிறேன். ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. வண்டியோ ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று சொல்லிவிட்டான். இந்தத் தேவகோட்டை ரஸ்தாவில் குடிக்கும்படியான காப்பியும் கிடையாது. சரி, கேளுங்கள். ஒரு கணினியில் பாட்டுப் போட்டால் கேட்கிறது. படம் போட்டால் வசனம் கேட்கிறது. தப்பான பொத்தானை அமுக்கினால் மணிகூட அடிக்கிறது. ஒரே ஒரு நிரல் மட்டும் சத்தமே இல்லாமல் கிடக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

இருங்கள். அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எல்லாரும் பாதியைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. மூன்று மாதமாக இதே பேச்சு. ஹபீப் முகமது ஒற்றை வரியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார், காரணம் எழுதவில்லை. பாக்கியம் வருகிறாள், கூட்டுகிறாள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். வேலைக்கு இரண்டு தடவை விளம்பரம் கொடுத்தோம். வந்த ஒருவன் எட்டாம் நாள் போய்விட்டான். பட்டியலில் ஏறாத புத்தகங்கள் சாக்குச் சாக்காகச் சுவரோரம் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் நான் என் மேசைக்குப் போகிறேன்.

பூமிநாதனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லல் பக்கம் ஒரு கிராமம். ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. இருந்தும் படித்தார், முதுகலை, அதற்குமேல் நூலக அறிவியலில் ஒரு பட்டம். வயது முப்பத்துமூன்று. இரண்டு ஆண்டு எங்கள் மெய்யம்மை நூலகத்துக்குச் சம்பளம் இல்லாமல் வந்து, நாலாயிரத்து முந்நூறு புத்தகங்களைக் கணினிப் பட்டியலில் ஏற்றினார். பாக்கியம் புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், அவர் தட்டுவார். நான் எவரையும் எளிதில் பாராட்டுகிறவள் அல்லள். அந்தப் பட்டியலில் நானே தேடித் தேடிப் பார்த்து ஒன்பது பிழைதான் கண்டேன்.

கண் தெரியாதவர் எப்படித் தட்டுவார் என்று எல்லாரும் கேட்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கணினிகளில் இருதயராஜ் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். பணம் கட்ட வேண்டியதில்லை, வைரஸ் வராது என்றார். அதில் திரைவாசிப்பான் என்று ஒரு நிரல் உண்டு. திரையில் என்ன இருக்கிறதோ அதை உரக்க வாசிக்கும். எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்லும். அதைப் பூமிநாதனே கேட்டு, இருதயராஜை உட்காரவைத்து, தமிழ் பேசும்படி அமைத்துக்கொண்டார். தமிழ் என்று அவர்தாம் சொல்ல வேண்டும். மூக்கடைத்தவன் ஒருவன் தகரக் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். அதையும் அவர் மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். எனக்கு ஒரு சொல் விளங்காது. அவருக்கு எல்லாம் விளங்கும். பெரும்பாலும் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்பார். ஆகவே நாங்கள் பிழைத்தோம்.

சென்ற ஆண்டு இறுதியில் பட்டியல் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை ஏற்படுத்தினோம். சம்பளத்தோடு, நூலகத்தின் பின்கட்டில் ஓர் அறையும் தருவதாக முடிவு. பூமிநாதன் தம் உடன்பிறந்த அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணி நல்லவள்தானாம், ஆனாலும் அவர் சாப்பிட உட்காருகிற நேரமெல்லாம் அவள் கைவேலையைப் பொறுத்தது. இந்த அறை கிடைத்தால் தனியாகப் பொங்கிச் சாப்பிடலாம் என்று ஒரு ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் வாங்கிப் பாக்கியத்திடம் கொடுத்து வைத்திருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். என்னிடம் அவர் சொந்த விஷயம் பேசியதில்லை. நான் அப்படி இடம் கொடுக்கிறவளும் அல்லள்.

"ரெண்டு வருசமா நம்ம கண்ணு முன்னாடி செய்றாரு, ஆச்சி. உத்தரவக் கையில குடுத்திட வேண்டியதுதானே" என்றார் ஹபீப் முகமது.

"இதுவரை செய்தது சேவை, வக்கீல் சார். இது வேலை. செய்துகாட்டட்டும்."

"இன்னும் எதச் செஞ்சு காட்டணும்?"

"பத்துப் புத்தகம், முப்பது நிமிடம், குழுவின் முன்னால். கண் தெரியாதவர் என்று இரங்கி வேலை கொடுத்தார்கள் என்று நாளைக்கு ஊர் பேசக்கூடாது. அது அவருக்குத்தான் இழுக்கு."

"ஊரு பேசுதோ இல்லையோ, நீங்களே பேசிடுவீங்க போல" என்றார் அவர். அவர் நாக்கு அப்படி.

சொக்கலிங்கம் அண்ணன், "என்ன சொல்றா உமையா?" என்று கேட்டார். அண்ணனுக்குக் காது மந்தம். சொன்னேன். "வைக்கட்டுமே. அந்தப் பிள்ளைக்கு அது பலகாரம் சாப்பிடுற மாதிரி" என்றார். தேர்வு விதிகளை நானே எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து நேரம் தொடங்கும். எவரும் உதவக் கூடாது. விண்ணப்பதாரர் புத்தகத்தைப் பற்றியன்றி வேறெதுவும் பேசக் கூடாது. ஹபீப் முகமது தலைப்புப் பக்கத்தை வாசிக்க வேண்டும், அவ்வளவே. எல்லாரும் கையொப்பம் இட்டார்கள். பின்னால் முறுமுறுத்தவர்களும் இட்டார்கள்.

அன்று காலை பத்தரைக்கு நூலக வாழ்த்தோடு தொடங்கினோம். கணினியில் பதிவு செய்து வைத்திருக்கிறோம்; பாடியவர் நல்ல பயிற்சி உள்ளவர். தெளிவாக ஒலித்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். முடிந்ததும் பூமிநாதன் உட்கார்ந்தார். பத்து முப்பத்தாறு. காதில் மாட்டுவதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேட்கும்படி வைக்கச் சொல்லியிருந்தேன், குழுவுக்கும் கேட்க வேண்டும் அல்லவா. அவர் ஒரு விசையைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மேடம், குரல் வரல."

"எந்தக் குரல்?"

"வாசிப்பான் மேடம். ஒண்ணும் பேச மாட்டேங்குது."

"எனக்கும் ஒண்ணும் கேக்கல" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு நேத்தும் கேக்கலண்ணே" என்றார் ஹபீப் முகமது.

"என்னது?"

"ஒண்ணுமில்லண்ணே. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டேன்."

இருதயராஜ் மேசைக்கு அடியில் புகுந்தார். ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு. புகுந்தால் வெளியே வருவது ஒரு நிகழ்ச்சி. வயரைப் பிடுங்கிச் செருகினார். "வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று உள்ளிருந்தே சொன்னார். பிறகு எழுந்து வந்து, சத்தம் வருகிறதா என்று பார்க்க, கைக்கு எட்டியது வாழ்த்துப் பாடல்தான், அதைப் போட்டார். கணீரென்று வந்தது. எழுந்து நின்றேன். மற்றவர்களையும் பார்த்தேன்.

"ஆச்சி, இது டெஸ்டிங்தான்" என்றார் இருதயராஜ்.

"வாழ்த்து வாழ்த்துதான்."

எழுந்தார்கள். பூமிநாதனும் எழுந்தார். முதல் இரண்டு அடி போதும் என்று நிறுத்தப் போனார் இருதயராஜ். பாதியில் நிறுத்துவது அதைவிடப் பெரிய அவமதிப்பு என்று கையமர்த்தினேன். எட்டு அடிகளும் முடிந்தபின் உட்கார்ந்தோம். பூமிநாதன் தட்டினார். குரல் இல்லை. இருதயராஜ் எதையோ மாற்றினார். மறுபடி வாழ்த்து. மறுபடி எழுந்தோம். அண்ணனுக்கு முழங்கால் வலி. "உமையா, இன்னும் எத்தன தடவ?" என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாவம்தான். ஆனால் நிறுவிய அன்றிலிருந்து இருக்கிற வழக்கம் அது. நாலு முறை ஒலித்தது என்பதற்காக மூன்று முறை உட்கார்ந்திருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் முறையும் வாழ்த்தைப் போட்டுப் பார்த்த பிறகு இருதயராஜ் தந்திரமாக ஒரு சினிமா நகைச்சுவைக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். அதற்கு எவரும் எழத் தேவையில்லை. யாரோ ஒருவன் இன்னொருவனைத் துரத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாட்டு வருது. படம் வருது. மணி வருது. இது ஒண்ணு மட்டும் வரல" என்றார் இருதயராஜ், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

இதிலிருந்து என்ன பெறப்படும்? ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. கணினி நன்றாக இருக்கிறது. குறை அந்த நிரலில் இருக்கிறது. அந்த நிரலைக் கேட்டு வாங்கி அமைத்தவர் யார்? பூமிநாதன். ஆகவே அதற்குப் பொறுப்பு அவர். இதை நான் அன்றே சொன்னேன். இதில் என்ன தவறு இருக்கிறது என்று இன்றுவரை ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. ஹபீப் முகமது மட்டும், "கோர்ட்டுல இப்படிச் சொன்னா ஜட்ஜே எந்திரிச்சுப் போயிருவாரு ஆச்சி" என்றார். அது விளக்கம் அன்று.

பத்து ஐம்பத்தொன்று ஆயிற்று. இருதயராஜ் கணினியை நிறுத்தி மறுபடி போட்டார். நாலு நிமிடம். எழும்போது வருகிற சிறு இசை வந்தது, வாசிப்பான் வரவில்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஆங்கிலத்தில் ஏதேதோ தட்டினார். பிறகு சொன்னார்: "சார், ப்ரோக்ராம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அது பேசுது. நமக்குத்தான் கேக்கல."

பூமிநாதன் முகம் திரும்பியது. "அப்படின்னா இருதயராஜ் சார், சவுண்ட் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனித்தனியா ஒரு வரி..."

"விண்ணப்பதாரர் புத்தகத்தைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது" என்றேன்.

"மேடம், அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டா..."

"விதி எட்டு."

நிறுத்திவிட்டார். சொன்னால் கேட்கிறவர். அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

உள்ளபடி சொல்வதென்றால், இருதயராஜ் ஒலி அமைப்புகள் உள்ள பலகையை ஒருமுறை திறந்து மூடினாரே, அப்போது எனக்கும் ஏதோ ஒன்று தோன்றாமல் இல்லை. எங்கோ பார்த்த பலகையாயிற்றே என்று. ஆனால் தேர்வு நடக்கும்போது குழுவினர் குறுக்கே பேசக் கூடாது என்பதும் விதி. எழுதியவள் நான். எழுதியவளே மீறினால் மற்றவர்களுக்கு என்ன மரியாதை? வாயை மூடிக்கொண்டேன்.

"மேடம், குரல் இல்லாமலே அடிக்கலாமா?" என்று கேட்டார் பூமிநாதன்.

"உங்கள் விருப்பம்."

"இவரு கமாண்டெல்லாம் அடிச்சிருக்காரு. இப்ப கீபோர்டு தமிழ்ல நிக்கிதா இங்கிலீஷ்ல நிக்கிதான்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க."

ஹபீப் முகமது வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன்.

"ஒத்த வார்த்த, ஆச்சி."

"அந்த ஒரு வார்த்தையில் செய்தது யார் என்பது மாறிவிடும், வக்கீல் சார்."

பூமிநாதன் மொழி மாற்றுகிற விசையைத் தட்டி, சற்று நின்று, மறுபடி அதையே தட்டி, மூன்றாம் முறை தட்டினார். ஊகம்தான். பிறகு அடிக்கத் தொடங்கினார். ஹபீப் முகமது வாசிக்க வாசிக்க, மழை பெய்கிற மாதிரி விரல்கள் ஓடின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. திரையில் விழுந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. சொல்லாக ஒன்றும் சேரவில்லை. குழந்தை கையில் தட்டச்சுப் பொறியைக் கொடுத்தது போல இருந்தது. அவர் நாலு புத்தகம் அடித்தார். நாலையும் அதே வேகத்தில், அதே நிச்சயத்தோடு. பாக்கியம் திரையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹபீப் முகமதுவின் குரல் வரவர இறங்கியது. நாலாம் புத்தகத்தில் நூலாசிரியர் பெயரை இரண்டு தடவை வாசித்தார்.

பதினொன்று ஆறு. "நேரம் முடிந்தது" என்றேன்.

கூட்டக் குறிப்பேட்டை எடுத்தேன். எனக்குப் பேனாவில்தான் பழக்கம். "செய்துகாட்டும் தேர்வு நடைபெற்றது. பத்து நூல்களுள் ஒன்றேனும் முறையாகப் பதிவாகவில்லை. விண்ணப்பதாரரால் பணியைச் செய்துகாட்ட இயலவில்லை. ஆகவே பதவி விளம்பரப்படுத்தப்படும்" என்று எழுதினேன். இதில் ஒரு சொல் பொய்யா?

"மெசின் கோளாறுன்னு எழுதுங்க" என்றார் ஹபீப் முகமது.

"பாட்டு வந்ததே. எந்த இயந்திரம் கோளாறு?"

"அப்ப நான் கையெழுத்துப் போடல."

"மூவருள் இருவர் போதும்."

அண்ணனிடம் நீட்டினேன். அண்ணன் நான் நீட்டுவதில் கையொப்பம் இடுகிறவர். பத்தொன்பது ஆண்டாக அப்படித்தான். இட்டார். நானும் இட்டேன்.

இதெல்லாம் முடிகிற வரைக்கும் இருதயராஜ் அந்தத் திரையை விடவில்லை. அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய ரேடியோ காலத்து ஆள். பேசாத பெட்டியைப் பேசவைக்காமல் போனால் அன்று சோறு இறங்காதாம். "பூமி, இப்ப சொல்லுங்க, தேர்வுதான் முடிஞ்சிருச்சே" என்றார். பூமிநாதன் சொன்னார். அந்த ஒலிப் பலகையில் நிரல்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறதாம். எந்த நிரல் அந்த நேரத்தில் சத்தம் எழுப்புகிறதோ அதன் வரி மட்டுமே அங்கே தெரியும். அமைதியானதும் வரி மறைந்துவிடும். அதனால்தான் இருதயராஜ் முதலில் திறந்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

"நான் விசையத் தட்டிக்கிட்டே இருக்கேன் சார். நீங்க கண்ண எடுக்காம பாருங்க."

தட்டினார். ஒரு வரி மின்னி மறைந்தது. மறுபடி தட்டினார். மறுபடி மின்னியது.

"ஆத்தாடி" என்றார் இருதயராஜ். "இந்தா இருக்கு. மியூட் பண்ணியிருக்கு. இது ஒண்ண மட்டும்."

மூன்றாம் முறை அந்த வரி தோன்றியபோது சுட்டியால் ஒரு குத்துக் குத்தினார். தகரக் குடம் பேசிற்று.

அண்ணன்கூடக் கேட்டுவிட்டு, "வந்திருச்சு போல!" என்று கைதட்டினார்.

"இது தானா ஆகாது" என்றார் இருதயராஜ். "யாரோ கையால அமுக்கியிருக்காக. ஒருதடவ அமுக்கினா லினக்ஸ் அத ஞாபகம் வச்சுக்கும். நிறுத்திப் போட்டாலும் மறக்காது. அந்தப் ப்ரோக்ராம் எப்ப வாயத் தெறந்தாலும் அமுக்கினபடிதான் இருக்கும்."

"நேத்துச் சாயங்காலம் ஆச்சிதானே பாட்டுப் போட்டுப் பாத்தீக" என்றாள் பாக்கியம்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு மனத்தில் பட்டது வாயில் வந்துவிடும்.

ஆம். முதல்நாள் மாலை நான்தான் வந்தேன். வாழ்த்து சரியாக ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த வாழ்த்து நானே இயற்றியது; ஆனால் அது இங்கே பொருட்டன்று. பாடலைப் போட்டேன். பூமிநாதன் வாசிப்பானை ஓடவிட்டபடியே காதில் மாட்டுவதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் போலும். முதலடியில் அந்தத் தகரக் குடம் குறுக்கே புகுந்து, பாட்டின் கோப்புப் பெயரை உளறியது. எதைத் தொட்டாலும் உளறியது. நிறுத்தினேன், மறுபடி போட்டேன், மறுபடி உளறியது. அதை மூட எனக்குத் தெரியவில்லை. ஒலிப் பலகையைத் திறந்தேன். கணினி எனக்குத் தெரியாத ஒன்று அன்று. அது பேசும்போது ஒரு வரி வந்தது. பக்கத்தில் சிறிய ஒலிபெருக்கிப் படம். அதை அமுக்கினேன். அடங்கிற்று. அந்த வரியில் ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது; அதுதான் பூமிநாதனின் குரல் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாழ்த்து ஒலிக்கும்போது எவரும் பேசக் கூடாது. மனிதருக்கு உள்ள விதி இயந்திரத்துக்கும் உண்டு. நான் எதையும் பழுதாக்கவில்லை. ஓர் உளறலை அடக்கினேன். ஒருமுறை நிறுத்திப் போட்டால் மறந்துவிட வேண்டாமா ஓர் இயந்திரம்?

என்ன? மறக்காதா? நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள்.

இதை நான் மறைத்தேன் என்கிறார்கள். எவராவது என்னைக் கேட்டார்களா? முப்பது நிமிடத்தில் ஒருவர்கூட, "நேற்று இந்தக் கணினியைத் தொட்டீர்களா" என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிறவள் அல்லள்.

"அப்ப சரி, உமையா. இன்னும் பொழுது கெடக்கு. இன்னொருக்காப் போடச் சொல்லு" என்றார் அண்ணன்.

"கையொப்பம் இட்டாயிற்று, அண்ணன்."

"அடிச்சிட்டு எழுது."

"கூட்டக் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. நூலகம் தொடங்கிய நாளிலிருந்து அதில் ஒரு திருத்தமும் இல்லை."

"ஆச்சி" என்றார் ஹபீப் முகமது. அவர் குரலில் கேலி இல்லை. "நீங்க அமுக்கினதுக்கு அந்த மனுசன் என்ன செய்வாரு?"

"மறுபடி விளம்பரம் வரும்போது அவர் விண்ணப்பிக்கலாம். நானே சான்றிதழ் எழுதித் தருகிறேன். நாலாயிரத்து முந்நூறு புத்தகம் என்று எண்ணிக்கையோடு எழுதித் தருகிறேன். எவரும் செய்யாத காரியம் அது. நான் எவருக்கும் சான்றிதழ் எழுதியதில்லை. இன்று இதை மாற்றினால், செயலாளரின் பிழைக்காகச் சலுகை கொடுத்தார்கள் என்றுதான் ஆகும். அவருக்கு அது வேண்டாம்."

"அவருக்கு வேணுமா வேணாமான்னு அவரக் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அதற்குள் பூமிநாதனே பேசினார்.

"மேடம், குறிப்பேட்டுல என்ன எழுதியிருக்கீங்கன்னு கொஞ்சம் வாசிங்க."

வாசித்தேன். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்தேன். அவருக்காகக் கொஞ்சம் உரக்கவே வாசித்தேன். விண்ணப்பதாரரால் பணியைச் செய்துகாட்ட இயலவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி, அசையாமல் கேட்டார்.

"அவ்வளவுதானா மேடம்? ஏன்னு ஒண்ணும் இல்லையா?"

"அவ்வளவுதான்."

அவர் திரும்பி விசைப்பலகையில் கை வைத்தார். வாசிப்பான் அந்த நாலு புத்தகத்தையும் வாசித்தது. அதற்கே வாய் குழறியது. ஒன்றொன்றாக அழித்தார். "சார், மொதல்லேருந்து வாசிங்க" என்று ஹபீப் முகமதுவிடம் சொன்னார். நான் தடுக்கவில்லை. தேர்வு முடிந்துவிட்டது, இனி எவரும் எதையும் தட்டலாம். ஹபீப் முகமது வாசித்தார். ஒரு புத்தகம், இரண்டு, மூன்று. தகரக் குடம் அவர் விரலோடு ஓடி ஓடிப் பேசிக்கொண்டே வந்தது. ஆறாம் புத்தகத்தில் பதிப்பு ஆண்டை ஹபீப் முகமது மாற்றிச் சொல்லிவிட்டார். "சார், அட்டையில வேற இருக்கும், பின்பக்கம் பாருங்க" என்றார் பூமிநாதன். அவர் பார்த்தார். வேறுதான் இருந்தது. பத்தும் முடிந்தது. என் கைக்கடிகாரத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பத்தொன்பது நிமிடம்.

பத்தையும் சேமித்தார். வாசிப்பான், "சேமிக்கப்பட்டது" என்றது. அதை மட்டும் அது ஓரளவு நன்றாகச் சொல்லும்.

"கெட்டிக்காரர் நீங்கள். அடுத்த மாதம் விளம்பரம் வரும்" என்றேன்.

கணினியை நிறுத்தினார். அதன் மின்விசிறி ஓய்கிற வரைக்கும் விரலைப் பெட்டியின்மேல் வைத்திருந்தார். காதில் மாட்டுவதன் வயரைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது அவருடைய சொந்தப் பொருள். மடக்குக் கோலை உதறி நீட்டினார். அண்ணன், "தம்பி, இருப்பா, டீ வருது" என்றார். இருதயராஜ் அவர் முழங்கையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பாக்கியம் வழியில் கிடந்த வாளியை நகர்த்தினாள். மேசை முனையில், நான் இருக்கிற இடத்தில், ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோலின் நுனி நாற்காலிக் காலைத் தொட்டது, விலகியது. படிப்பு அறை வழியாகப் போய், வாசற்படியை அளந்து இறங்கி, தெருவில் நடந்து போனார்.